ஃபாதருக்கு எங்கள் வீட்டுச் சொல்

அன்று அந்த ஆபீஸ் அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரத் துரைசானி இருந்தார், மேஜைக்குப் பின்னால். அவருக்கு இடப்பக்கம் இங்கிலீஷ் டீச்சர் நின்றார், கையில் சாக்பீஸ் தூளோடு. விடுதியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் சாவிக்கொத்தோடு ஜன்னல் ஓரம். வாசலில் மணியடிக்கிறவர். நாற்காலி கிடந்தும் உட்காராமல் என் அண்ணன். அப்புறம் நான்.

அண்ணன் என்றேன் அல்லவா, அவர் என்னைப் பெற்ற தகப்பனார். நடந்தது எல்லாம் இந்த ஒரு சொல்லால்தான்.

நீங்கள் என் வயசுக்காரர்கள். உங்களில் பாதிப் பேர் வீட்டிலும் இப்படித்தான் இருந்திருக்கும். பெற்ற தாயை அக்கா என்றும், தகப்பனைச் சித்தப்பா என்றும் கூப்பிட்டவர்கள் நம்மில் உண்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். அதனால் விளக்கிவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் எங்கள் வீடு கூட்டுக்குடும்பம். என்னைத் தூக்கி வளர்த்தது சின்ன அத்தை. அவளுக்கு என் தகப்பனார் அண்ணன். சித்தப்பாமாருக்கும் அண்ணன். நாள் முழுக்கக் காதில் விழுந்தது அந்தச் சொல்தான். நானும் பேச்சு வந்த அன்றைக்கே அண்ணன் என்றேன். என் தாயை அவர்கள் மதினி என்றார்கள். நானும் மதினி என்றேன். யாரும் திருத்தவில்லை. வீட்டில் எல்லாரும் அப்பா என்று கூப்பிட்டது தாத்தாவை. எனக்கும் அவர்தான் அப்பா.

பெற்றவர் யார் என்று தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் கூப்பிடுகிற பேர் அது.

அண்ணன் மில்லில் நூற்புப் பகுதியில் வேலை பார்த்தார். ஊருக்கு மில் புதுசு. ஷிப்டு முடிந்து வரும்போது புருவம், மீசை, காது மடல் எல்லாம் பஞ்சு. வாசலில் நின்று துண்டால் தட்டுவார். தட்டத் தட்ட இருமுவார். வாசலில் நார்க்கட்டிலில் கிடக்கும் தாத்தாவுக்குக் கண் தெரியாது. இருமல் சத்தத்தை வைத்து, "யாருலே, மில்லுக்காரனா?" என்பார். தினமும் அதையே கேட்பார்.

தாத்தா இந்து. அவருக்கு இரண்டு சம்சாரம், அக்காளும் தங்கையும். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயமில்லை. அண்ணன் இளவட்டத்தில் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டு, கிறிஸ்தவப் பெண்ணான மதினியைக் கட்டினார். தாத்தா ஒரு மாசம் திட்டினார். அப்புறம் ஒரே அடுப்பில்தான் சோறு பொங்கியது.

மிஷன்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் விடுதியும் நடத்தினார்கள். சபையில் சேர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு இலவசம். அண்ணன் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பஸ்ஸில் கோபுரம் தெரிய ஆரம்பித்ததும் அவர் துண்டு நுனியைப் பிடித்துக்கொள்வேன். அவர் பார்த்துவிட்டு, "கோவுரம் எம்புட்டு ஒசரம் பாரு" என்பார். வேறு ஆறுதல் சொல்லத் தெரியாது.

மில்லில் நூல் சுற்றுகிற மரக்கட்டை உண்டு, பாபின் என்பார்கள். உடைந்துபோன ஒரு பாபினைச் செதுக்கி, நுனியில் நிப்பு மாட்டிப் பேனா செய்து கொடுத்தார். மற்றப் பிள்ளைகளின் பேனா ஒல்லி. என்னுடையது குண்டு. பிடித்தால் எண்ணெய் மணக்கும், மெஷின் எண்ணெய். நான் எழுதிய தாளெல்லாம் அந்த மணம் மணந்தது.

இங்கிலீஷ் டீச்சர் நாசரேத்துப் பக்கத்துக்காரர். கலியாணம் ஆகாதவர். மிஸ் என்று கூப்பிட வேண்டும். குரல் நன்றாக இருக்கும். பாட்டு வாசித்தால் கடைசி பெஞ்சுகூடக் கேட்கும். பொய் சொல்லக்கூடாது, அவர் வகுப்பு எனக்குப் பிடித்திருந்தது.

வகுப்பில் தமிழ் பேசினால் கழுத்தில் கட்டை மாட்டுவார்கள். கயிறு கோத்த ஒரு பலகைத்துண்டு. அடுத்தவள் தமிழ் பேசுகிறவரை அதைக் கழற்ற முடியாது. எத்தனையோ கழுத்து வேர்வையும் தேங்காயெண்ணெயும் ஏறிக் கறுத்துப் போயிருந்தது. எங்கள் ஊரிலிருந்து வந்த, தெலுங்கு பேசும் வீட்டுப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் இருந்தாள். ஒருநாள் அவள் என்னிடம் தெலுங்கில் என்னவோ கேட்டாள். டீச்சர் கட்டையை எடுத்துவிட்டார்.

"மிஸ், கட்டை தமிழுக்குத்தான? நான் பேசுனது தெலுங்குல்லா?"

அதை அவள் தமிழில் சொன்னாள். கட்டை விழுந்தது.

பாட்டுப் புத்தகத்தில் பனியைப் பற்றி ஒரு பாட்டு. இது மார்கழிப் பனி இல்லை, வெள்ளையாக வானத்திலிருந்து விழுவது என்றார் டீச்சர். எங்களுக்குப் பிடிபடவில்லை. பஞ்சு பறக்கிற மாதிரி என்று இங்கிலீஷில் சொன்னார். உடனே எனக்குப் புரிந்துவிட்டது. பனி பெய்யும் ஊரில் ஏழைகள் என்ன செய்வார்கள் என்று டீச்சர் கேட்டபோது எழுந்து, இருமுவார்கள் என்றேன். டீச்சர் சிரித்தார். வகுப்பு சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

கட்டுரை எழுதுவதற்கு டீச்சர் ஒரு முறை வைத்திருந்தார். வீட்டைப் பற்றி எழுது, தெரிந்ததை எழுது, பொய் எழுதாதே. சின்ன வாக்கியமாக எழுது. முடித்ததும் சொற்களை எண்ணி, தொகையைத் தாளின் அடியில் தனியாகப் போடு. எண்ணினால் தேவையில்லாதது தெரியும் என்பார். நான் இன்றைக்கும் சின்ன வாக்கியமாகத்தான் எழுதுகிறேன். வேறு எழுதத் தெரியாது.

ஒரு மத்தியானம் கேட்டில் ஒரு அம்மாள் வந்து நின்றாள். வயசானவள். காதுப் பாம்படம் தோளில் இடிக்கிறது. தலையில் ஓலைக்கொட்டான் நிறையக் கருப்பட்டி. நானும் தெலுங்குப் பெண்ணும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனோம்.

"யாரு வேணும் ஆச்சி?"

"எம் மவ இங்கதான் இங்கிலீசு படிச்சிக் குடுக்கா. கூப்பிடுங்க பிள்ளேளா."

டீச்சர் ஓடி வந்தார். செருப்புகூடப் போடவில்லை.

"அக்கா, ஏன் இப்பிடித் திடுதிப்புன்னு வந்திய? சொல்லிவிட்டா நான் வரமாட்டனா?"

"பெத்தவ வாரதுக்குச் சொல்லிவிடணுமாட்டி?"

டீச்சர் எங்களைப் பார்த்தார். முகம் சிவந்துபோனது. இங்கிலீஷில், இவர் என் மூத்த சகோதரி, நீங்கள் போகலாம் என்றார். நாங்கள் போனோம். டீச்சர் வீட்டிலும் எங்கள் வீடு மாதிரிதான் என்று எனக்கு சந்தோஷமாக இருந்தது. அன்று ராத்திரிச் சோற்றுக்கு எங்களுக்கெல்லாம் ஒவ்வொரு துண்டு கருப்பட்டி கிடைத்தது.

அந்த வருஷம்தான் பெரிய துரைசானி வந்தார். பாளையங்கோட்டையில் அவர்களுக்குப் பெரிய பள்ளிக்கூடம். அதில் சேர்ந்தால் அங்கேயே படித்து, அங்கேயே டீச்சர் வேலைக்கும் பழகி, சம்பளத்தோடு வெளியே வரலாம். எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு பிள்ளையை எடுப்பார்கள். செலவெல்லாம் அவர்களுடையது. துரைசானி தானே ஒரு தலைப்புக் கொடுத்து, எழுதவைத்து, தானே வாசித்து முடிவு செய்வார். டீச்சர் தாளைத் தொடக்கூடாது.

டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீதான் போவே. பதறாம எழுது" என்றார். தமிழில் சொன்னார். கட்டையைப் பற்றி இருவருமே நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பார்க்க வந்தபோது சொன்னேன்.

"டீச்சராவா?"

"ஆமா."

"சேலை கட்டிக்கிட்டு, நாற்காலியில உக்காந்தா?"

"நின்னுதான் படிச்சிக் குடுக்கணும்."

"நாற்காலி கெடக்கும்லா? அது போதும்." அப்புறம் சொன்னார், "மில்லுல மேஸ்திரி வந்தா நாங்க உக்காரக்கூடாது. எம் மக நாற்காலியில உக்காருவா."

ஊருக்குப் போய் மில் முழுக்கச் சொல்லிவிட்டார். மேஸ்திரியிடமும் சொன்னாராம்.

துரைசானி போர்டில் தலைப்பை எழுதினார். மை ஃபாதர்.

ஃபாதர் என்றால் அப்பா. முதல் வகுப்பிலேயே படித்தது. பிரதர் என்றால் அண்ணன், தம்பி. அதுவும் படித்தது. எங்கள் வீட்டில் அப்பா ஒருத்தர்தான். தெலுங்குப் பெண்ணுக்குத் தகப்பன் நாயனா. ஃபாதர் என்றால் அப்பா, அப்பா என்றால் நாயனா என்று அவள் இரண்டு படி ஏறிப் போனாள். ஏறும்போது யோசித்திருப்பாள். எனக்கு ஒரே படி. யோசிக்கவில்லை. கேட்கலாம் என்றாலும் தமிழில் வாய் திறக்க முடியாது.

பாபின் பேனாவால் எழுதினேன். எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்.

என் ஃபாதர் வயசானவர். அவருக்குக் கண் தெரியாது. பல் இல்லை. அவருக்கு இரண்டு மனைவிகள். இருவரும் அவருக்குச் சோறு பிசைந்து கொடுப்பார்கள். ஃபாதர் வேலை செய்வதில்லை. கட்டிலில் இருந்துகொண்டு எல்லாரையும் திட்டுவார். என் பிரதர் மில்லில் வேலை செய்கிறார். அவர் மீசையில் பஞ்சு இருக்கும். எங்கள் எல்லாருக்கும் சோறு போடுவது என் பிரதர். எனக்குப் பேனா செய்து தந்தது என் பிரதர். நான் என் பிரதரை ஃபாதரைவிட அதிகமாக நேசிக்கிறேன்.

எண்ணினேன். அடியில் தொகை போட்டேன். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அதைத் துரைசானியே பிறகு சொன்னார்.

ஆபீஸ் ரிஜிஸ்தரில் என் தகப்பன் பேருக்கு நேரே மில் தொழிலாளி, கிறிஸ்தவர் என்று இருந்தது. தாளில் இரண்டு பெண்டாட்டிக்காரக் குருட்டுக் கிழவர் இருந்தார். துரைசானி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தகப்பன் சபைக்கு ஆகாதவன், அதை மறைக்க அண்ணன்காரன் தானே தகப்பன் என்று கையெழுத்துப் போட்டு இலவச இடம் வாங்கியிருக்கிறான் என்று முடிவுக்கு வந்துவிட்டார். அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

புரட்டாசி சனிக்கிழமை. அண்ணன் மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்தார். வெளுத்த வேட்டி, சலவைச் சட்டை. எனக்கு இடம் கிடைத்துவிட்டது, அதைச் சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து வந்திருக்கிறார். துரைசானிக்கு ஒரு சீப்பு மலைவாழைப்பழம்கூட வாங்கி வந்திருந்தார். அது அவர் கையிலேயே இருந்தது.

துரைசானிக்குத் தமிழ் தெரியும், புத்தகத் தமிழ். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"இவர் யார்?"

"அண்ணன்."

"உன் அப்பா எங்கே இருக்கிறார்?"

"வீட்டுல, கட்டில்ல படுத்திருக்காரு."

கேட்டதற்குப் பதில் சொன்னேன். பயத்தில் வாயில் வருவது பழகின சொல்தானே. சொன்ன பிறகுதான் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு என்ன நடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

"அம்மா, சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியல. வீட்டுல சிறுசுக எல்லாம் என்னைய அண்ணன்னுதான் கூப்பிடும். கேட்டுப் பழகிருச்சு. இது எம் மகதாம்மா. படுத்திருக்கது எங்கப்பா."

துரைசானி தாளைத் தூக்கிப் பிடித்தார். "இவள் என்ன எழுதியிருக்கிறாள் தெரியுமா? தன் அப்பாவைவிட உம்மை அதிகமாக நேசிக்கிறாளாம்."

அண்ணன் சிரித்துவிட்டார். அடக்க முடியாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்தது. நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. துரைசானிக்கு அது திமிராகத் தெரிந்திருக்க வேண்டும். முகம் இறுகிப்போனது.

அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். இங்கிலீஷில் கேட்டார். தகப்பனை அண்ணன் என்று கூப்பிடும் வழக்கம் உங்கள் மக்களிடம் உண்டா?

நான் டீச்சரைப் பார்த்தேன். கேட்டில் நின்ற அந்த அம்மாளின் பாம்படம் எனக்கு நினைவு வந்தது. சரி, பிழைத்தோம் என்று இருந்தது.

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்தார். இங்கிலீஷில் சொன்னார். நல்ல குடும்பங்களில் அப்படி ஒரு வழக்கம் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை, மேடம்.

மெதுவாகத்தான் சொன்னார். நல்ல உச்சரிப்பு. எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அத்தனை நாள் படித்ததில் அவ்வளவு முழுசாக வேறு எந்த வாக்கியமும் புரிந்ததில்லை.

அண்ணனுக்குப் புரியவில்லை. டீச்சரம்மா நமக்காகப் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார். பழத்தை இடுக்கிக்கொண்டு டீச்சரைப் பார்த்து இரண்டு கையாலும் கும்பிட்டார்.

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

இடம் போனது மட்டுமில்லை. பொய் சொல்லிச் சேர்த்தது என்று விடுதியிலும் பேரை எடுத்துவிட்டார்கள். விடுதி அம்மாள் என் தகரப்பெட்டியை வாசலில் கொண்டுவந்து வைத்தார். மணியடிக்கிறவர் அதைத் தூக்கி அண்ணன் தலையில் ஏற்றிவிட்டார். பழத்தை அண்ணன் அவரிடம் கொடுத்துவிட்டார்.

பாளையங்கோட்டைக்கு வத்திராயிருப்பிலிருந்து வந்த பெண் போனாள். நல்ல பெண், அவளைக் குறை சொல்லவில்லை. அவள் பிறக்கும் முன்பே அவளுடைய தகப்பன் செத்துப்போனார். அப்பாவின் தோளில் ஏறித் தென்னந்தோப்புக்குப் போனது, மாங்காய் பறித்தது, ஜெபம் சொல்லிக்கொடுத்தது என்று அத்தனையும் அவளாக எழுதியிருந்தாள். இலக்கிய நயம் இருக்கிறது என்று துரைசானி சொன்னாராம். பின்னால் தெலுங்குப் பெண் சொல்லித் தெரியும்.

பஸ்ஸில் கூட்டம். எங்கள் பக்கத்துத் திருவண்ணாமலையில் பெருமாளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள், துளசி வாசத்தோடு. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் உட்கார்ந்திருந்தார். பாதி வழி போனதும் பேசினார்.

"துரைசானி என்னமோ தப்பா நெனைச்சிட்டாவ. ஆனா டீச்சரம்மா நமக்காக எம்புட்டு பேசுனாவ, பாத்தியா?"

நான் தலையை ஆட்டினேன்.

"நல்ல மனுசி. அவிய நல்லா இருக்கணும்."

அதற்கும் தலையை ஆட்டினேன். கடைசிவரை அவருக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

இறங்கி நடக்கும்போது அவர் சொன்னார், "இனிமே என்னைய அப்பான்னே கூப்பிடு தாயி. வெளியாளுகளுக்குப் புரியமாட்டேங்கு."

"சரி."

"வீட்டுக்குப் போனதும் கூப்பிடு. செத்த நேரத்துல பழகிரும்."

வீடு வந்தது. அவர் பெட்டியை இறக்கிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார். காத்துக்கொண்டு நிற்கிறார் என்று தெரிந்தது. காது மடல் பின்னால் கொஞ்சம் பஞ்சு. சலவைச் சட்டை போட்டும் அது போகவில்லை. நான் கூப்பிட்டேன்.

"அப்பா."

"என்ன ஏட்டி? எப்ப வந்த?" என்று கட்டிலிலிருந்து தாத்தா கேட்டார்.

என் குரல் கேட்டு உள்ளே சின்ன அத்தை சிரித்தாள். சித்தப்பாமார் சிரித்தார்கள். எங்களுக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. தாத்தா கையை நீட்டித் துழாவினார். "அண்ணனும் கூட வந்தானா?" என்று என்னிடம் கேட்டார்.

அண்ணன் திரும்பவில்லை. தொட்டிக்குப் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

அதன் பிறகு அவரும் கேட்கவில்லை, நானும் கூப்பிடவில்லை. வளர்ந்ததும் மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்கும் வேலைக்குப் போனேன். டீச்சர் சொன்ன பனி அங்கே வருஷம் முழுக்கப் பெய்தது. ஏழைகள் இருமினோம். மேஸ்திரி ஒருநாள், "இந்தப் பிள்ளைதான டீச்சராப் போவுதுன்ன?" என்று அண்ணனிடம் கேட்டார். அண்ணன், "ஆமாய்யா" என்று மட்டும் சொன்னார். இருவரும் நின்றுகொண்டுதான் இருந்தோம்.

பாபின் பேனா எப்போது தொலைந்தது என்று தெரியவில்லை. நிப்பு துருப்பிடித்ததும் அடுப்பங்கரையில் எதற்கோ முட்டுக் கொடுத்தார்கள். விறகோடு எரிந்திருக்கும்.

டீச்சரை ஒருமுறை பார்த்தேன், பல வருஷம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில். தலை நரைத்துவிட்டது. என்னைத் தெரிந்துகொண்டார். "அக்கா தவறிட்டாங்க" என்றார், நான் கேட்காமலே. யார் என்று நான் கேட்கவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அண்ணன் நெஞ்சுச் சளியில் போனார். கடைசி ஞாயிறு ஜெபம் பண்ண வந்த பாதிரி ஐயர் புதுசு. நான் தண்ணீர் ஊட்டும்போது, "அண்ணே, வாயத் தொறங்க" என்றேன். ஐயர் என்னைப் பார்த்து, "தங்கச்சியா?" என்று கேட்டார். அண்ணன் கண்ணைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார். இருமல் வந்துவிட்டது. ஐயர் ஜெபத்தில் நோயாளிக்காகவும் அவருடைய சகோதரிக்காகவும் வேண்டிக்கொண்டார். ஆமென் சொன்னோம்.

எழுதி முடித்ததும் எண்ணித் தொகை போட வேண்டும் என்பது டீச்சர் முறை. இவ்வளவையும் எண்ண எனக்குக் கண் பற்றாது. ஒரு சொல்லை மட்டும் எண்ணிப் போடுகிறேன். அண்ணன் கேட்க, அவரை நினைத்து, அப்பா என்று நான் கூப்பிட்டது.

ஒன்று.